கத்தியின் உறைவிடம்

நல்ல கத்தி எது என்னும் கேள்வி கடையில் எழும்போது எஃகின் வகை, நீளம், விலை என்று சில சொற்களில் விடை கிடைத்துவிடுகிறது. மெய்யியலாரின் கையில் அதே கேள்வி விழுந்தபோதோ, ‘நல்லது’ என்ற சொல்லுக்கே பொருள் தேடும் முயற்சியாக அது விரிந்தது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் முதற்பகுதியில் சாக்ரடீஸ் எடுத்துக்காட்டும் பொருள்களுள் திராட்சைக்கொடி கழிக்கும் கத்தியும் ஒன்று. கொடியைக் குத்துவாளாலும் அறுக்கலாம், செருப்புத் தைப்பவரின் தோலறுக்கும் கத்தியாலும் அறுக்கலாம், ஆனால் அவ்வேலைக்கென்றே வடித்த கத்தியைப்போல் அவை அறுக்கமாட்டா; ஆகவே ஒரு பொருளால் மட்டுமே ஆவதோ, மற்ற எதனையும்விட அதனால் செவ்வையாக ஆவதோ எதுவோ அதுவே அப்பொருளின் தொழில் என்றும், அத்தொழிலை நன்கு நடத்தவல்ல பண்பே அதன் சிறப்பு என்றும் அவர் வகுக்கிறார். கிரேக்கத்தில் தொழிலுக்கு எர்கான் என்றும் சிறப்புக்கு அரெடே என்றும் பெயர். அரெடே என்ற இந்தச் சொல்லே மனிதரைப் பற்றி வரும்போது நற்பண்பு, அறம் என்றெல்லாம் தமிழில் பெயர்க்கப்படுகிறது. கத்திக்கு வகுத்த அளவுகோலைக் கண்ணுக்கும் செவிக்கும் நீட்டி, இறுதியில் மனித உயிருக்கும் அதையே வைத்து, நேர்மையாக வாழ்வதே உயிர் தன் தொழிலை நன்கு செய்வதாகும் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். அறத்தைப் பற்றிய மேலைநாட்டுச் சிந்தனையின் தொடக்கத்திலேயே ஒரு கத்தி கிடக்கிறது என்பது, கத்தியை வெறும் சந்தைப்பொருளாகக் கருதுவோர் நின்று எண்ணவேண்டிய செய்தி.

அந்தக் கேள்வி இன்று மிகுந்த ஆர்வத்தோடு பேசப்படும் இடம் வடபுலத்து ஊசியிலைக் காடு. சுவீடன், பின்லாந்து, கனடா முதலிய நாடுகளில், காட்டில் கிடைப்பதைக் கொண்டு கைத்திறனாலேயே தீ மூட்டவும் குடில் கட்டவும் கரண்டியும் கிண்ணமும் செதுக்கவும் பயிலும் கலை புஷ்கிராஃப்ட் எனப்படுகிறது. காட்டுக் கைவினை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் இக்கலையைப் பல்லாண்டுகள் கற்பித்து, 1980களின் பிற்பகுதியில் அதற்கொரு பாடநூலும் எழுதிய மோர்ஸ் கொச்சான்ஸ்கி போன்றோர், அறிவு மிகுந்தால் சுமை குறையும் என்பதை அடிப்படையாகக் கொண்டனர். கூடாரம், அடுப்பு, நாற்காலி என ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், விடமுடியாததாகக் கடைசியில் எஞ்சுவது இடுப்பில் தொங்கும் ஒரு கத்தியும் அதன் உறையுமே.

இப்படி ஒரே கத்தியை எல்லாவற்றுக்கும் நம்புவதை அரிஸ்டாட்டில் ஒப்பியிருக்கமாட்டார். ‘அரசியல்’ என்னும் தம் நூலின் தொடக்கத்தில் அவர் டெல்ஃபி கத்தி என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். பல வேலைகளுக்கு ஒன்றே உதவட்டும் என்று கொல்லர் செய்யும் அக்கத்தியைக் கஞ்சத்தனத்தின் அடையாளமாகக் காட்டி, இயற்கை அவ்வாறு கஞ்சத்தனமாக எதையும் படைப்பதில்லை, ஒரே வேலைக்கென்று அமைந்த கருவிதான் தன் வேலையை முற்றச் செய்யும் என்கிறார். பெண்ணும் அடிமையும் இயற்கையிலேயே வேறுவேறானவர் என்று நிறுவுவதற்காக அவர் இந்த உவமையைக் கையாண்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. மனிதரைக் கருவியாக எண்ணிய அந்த வாதம் எத்துணைப் பெரிய பிழை என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் கருவியைப் பற்றிய அளவில் அவர் கூற்றுக்கு ஒரு மறுமொழி தேவைப்படுகிறது. காட்டுக் கத்தி கொடி கழிப்பதில் கொடிக்கத்திக்கும், மீன் அரிவதில் மீன்கத்திக்கும், கட்டை பிளப்பதில் கோடரிக்கும் தோற்கத்தான் செய்யும். ஆனால் அக்கத்தியின் தொழிலை இப்படித் துண்டு துண்டாக எண்ணுவதே தவறு. தனியாகக் காட்டில் நிற்கும் ஒருவர், மாலை மங்கும் முன் விறகு சீவித் தீ மூட்டி, ஒதுங்க இடம் செய்து, உணவு ஆக்கி, விடியும்வரை உயிரோடும் நலத்தோடும் இருப்பது என்பது ஒரே தொழில். பல செயல்களை ஒன்றாக்குவது அவரது வாழ்வு. அந்த வாழ்வோடு பொருந்துவதே அக்கத்தியின் சிறப்பு என்று கொண்டால், டெல்ஃபி கத்தியின்மீது விழுந்த பழி காட்டுக் கத்தியின்மீது விழாது.

இவ்வகையில் நோக்கினால், கத்தியைத் தேர்வோர் பார்க்கும் ஒவ்வொரு கூறும் அந்த ஒரே தொழிலிலிருந்து பிறப்பது விளங்கும். அலகின் நீளம் உள்ளங்கையின் அகலத்தை ஒட்டி, ஏறத்தாழ 10 செ.மீ. இருந்தால் போதும் என்பது தேர்ந்தவர்களின் பொதுக்கருத்து; அதனினும் நீண்டால் முனை கைக்கு அடங்காமல் கரண்டியின் குழிவைச் செதுக்கும்போது தடுமாறும், குறைந்தால் மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைப் பிளக்க உதவாது. கட்டை பிளப்பது என்பது, அலகைக் கட்டையின் தலைமேல் வைத்து அதன் முதுகில் மற்றொரு தடியால் அடித்து இறக்குவது. ஆதலால் முதுகு 3 மி.மீ. அளவிலேனும் தடித்திருக்க வேண்டும். முதுகின் ஓரங்கள் மழுங்காமல் நேர்கோணமாக இருந்தால், தேய்த்தால் பொறி பறக்கும் ஃபெரோசீரியம் என்ற உலோகக் குச்சியை அதனால் சுரண்டித் தீ மூட்டலாம். கூர்வாயைக் கெடுக்காமல் கத்தி தீயையும் தரும். அலகின் எஃகு பிடிக்குள் நுழையும் பகுதியாகிய காம்பு, பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் செல்ல வேண்டும் என்று இக்காலத்தார் பலர் வற்புறுத்துகின்றனர். வலிமையைக் கருதினால் அது சரியே. ஆனால் பின்லாந்தின் மரபுக் கத்தியாகிய பூக்கோவும், 1891இல் தொடங்கிய பட்டறை மரபைக் கொண்ட சுவீடனின் மூரா கத்தியும் ஒல்லியான காம்பை மரப்பிடிக்குள் மறைத்தே தலைமுறை தலைமுறையாகக் காட்டு வேலைக்குப் பயன்பட்டிருக்கின்றன. உறைபனியில் உலோகம் விரலில் படாமல் மரமே படுவது எத்துணை நன்மை என்பதை அந்நாட்டார் அறிவர்.

எல்லாவற்றிலும் நுட்பமானது அலகின் சரிவு. ஸ்காண்டிநேவியச் சரிவு எனப்படும் வகையில், அலகின் இரு பக்கங்களும் முதுகிலிருந்து பாதிக்கு மேல் தட்டையாக இறங்கி, பின்னர் அகன்ற ஒரே சரிவாகத் திரும்பி நேரே கூர்வாயில் முடிகின்றன. கூர்வாயின் ஓரத்தில் இரண்டாவது சிறு சரிவு கிடையாது. தீட்டுக்கல்லை நனைத்து, அந்த அகன்ற சரிவைக் கல்லின்மேல் படியவைத்தால், கல்லுக்கும் எஃகுக்கும் இடையில் தண்ணீர் பிதுங்கி வெளியேறி இரண்டும் ஒட்டிக்கொள்வதை விரல் உணரும். கோணத்தைக் கணக்கிட வேண்டியதே இல்லை, கத்தியே கைக்குக் கோணத்தைக் கற்பிக்கிறது. மரத்தில் சீவும்போதும் அதே சரிவு மரத்தின்மேல் படிந்து, எவ்வளவு ஆழம் செல்கிறோம் என்பதைக் கைக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. எஃகைப் பொறுத்தவரை, 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு ஈரத்தைத் தாங்கும். குரோமியம் குறைந்த கரிம எஃகு எளிதில் தீட்டப்பட்டு எளிதில் கூர்கொள்ளும், ஆனால் ஓரிரவு ஈரத்தில் விட்டால் செம்மை படரும். கரிம எஃகைத் தேர்பவர் நாள்தோறும் கத்தியைத் துடைக்கும் கடமையையும் சேர்த்தே தேர்கிறார். இக்கடமையைக் குறையாகக் கருதாமல், கருவிக்கும் அதனை உடையவருக்கும் இடையே உள்ள உறவாகக் கருதுவோரே கரிம எஃகை விரும்புகின்றனர். அவர்கள் விருப்பத்தில் பொருள் இருக்கிறது.

இவ்வளவும் கத்தி அறுக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது. பிளேட்டோவின் அளவுகோலும் அறுத்தலை மட்டுமே அளக்கிறது. ஆனால் காட்டில் ஒரு நாள் முழுவதும் கத்தியைக் கவனித்தால், அது அறுத்திருக்கும் நேரம் மிகச் சிறியது. நடக்கும்போதும் உட்காரும்போதும் உறங்கும்போதும் அது அறுக்காமல் உடலோடு ஒட்டி இருக்கிறது. அறுக்காத கத்தியின் சிறப்பு யாது என்ற கேள்விக்கு விடை காணாமல் நல்ல கத்தி எது என்ற கேள்வி முடியாது. இங்கே தமிழ்ச் சொல் ஒன்று சிந்தனைக்குத் துணை வருகிறது. கத்தியை இடும் கூட்டுக்குத் தமிழில் உறை என்று பெயர், உறைதல் என்றால் தங்குதல், வாழ்தல், வாழுமிடம் உறைவிடம். இரண்டுக்கும் வடிவம் ஒன்றாக அமைந்தது எதனால் என்பதைச் சொல்லாராய்ச்சியாளருக்கு விட்டாலும், கத்தி உறையில் உறைகிறது என்று சொல்லும்போது, அது ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்துக்கு மாறாக, தன் வீட்டில் இருக்கிறது என்ற எண்ணமே தமிழருக்குத் தோன்றும்.

இந்த எண்ணத்தை நிலைநிறுத்தும் கருத்து, வியப்பாக, அரிஸ்டாட்டிலிடமே கிடைக்கிறது. ‘உயிர் பற்றி’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் அவர், கோடரி ஓர் இயற்கை உடலாக இருந்திருந்தால், கோடரியாக இருக்கும் தன்மையே அதன் உயிராக இருந்திருக்கும் என்கிறார். அதே இடத்தில், நிறைவு என்பதை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: கற்றறிந்தவர் உறங்கும்போதும் அவரிடம் அறிவு இருக்கிறது, அது முதல் நிறைவு, விழித்து அவ்வறிவைக் கொண்டு ஆராயும்போது நிகழ்வது இரண்டாம் நிறைவு. வெட்டுதல் விழித்திருத்தலைப் போன்றது. வெட்டும் ஆற்றலோ உறக்கத்திலும் நீங்காமல் இருக்கும் உயிரைப் போன்றது. எனவே கத்தியைக் கத்தியாக்குவது அறுக்கும் கணம் என்பதைவிட, அறுக்காதபோதும் அதனிடம் குன்றாமல் நிற்கும் கூர்மை என்பதே பொருந்தும். அந்தக் கூர்மையை ஈரத்திலிருந்தும் மணலிலிருந்தும் மழுங்கலிலிருந்தும் காத்து, கூர்மையிடமிருந்து மனித உடலையும் காப்பது உறை. முதல் நிறைவின் காவலாக உறையைக் கருதினால், அதனைக் கத்திக்குப் பின் இணைப்பாக வாங்கும் வழக்கம் எத்துணை மேலோட்டமானது என்பது தெரியவரும்.

பின்லாந்தில் உறைக்குத் தூப்பி என்று பெயர். பூக்கோவின் அலகு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதன் உறை ஆழமானது: அலகு முழுவதும் மூழ்கி, பிடியின் பாதியும் அதற்கு மேலும் உள்ளே சென்றுவிடும். நனைத்த தோலைக் கத்தியின்மேலேயே அழுத்தி உருப்படுத்தி உலர்த்துவதால், தோல் அந்த ஒரு கத்தியின் வடிவத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறது. பொத்தானோ வாரோ இல்லாமல், பிடியைத் தோல் இறுகப் பற்றும் பிடிப்பினாலேயே கத்தி நிற்கிறது. உள்ளே அலகு இருக்கும் பகுதியில் லெஸ்டா என்னும் மரக்கூடு ஒன்று பொதிந்திருக்கும். கூர்வாய் தோலில் பட்டுத் தையலை அறுத்து வெளியே வராமல் இருப்பதற்கு அதுவே காப்பு. மரக்கூடு இல்லாத தோலுறைகளில், கூர்வாய் இருக்கும் ஓரத்தில் இரு தோல்களுக்கும் நடுவே தடித்த மூன்றாவது தோற்பட்டை ஒன்றை வைத்துத் தைப்பர். உறை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டைதான், மேலே உள்ள பூவேலையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். மேலும் வடக்கே வாழும் சாமி மக்கள் கலைமானின் கொம்பில் உறையின் கீழ்ப்பகுதியைக் கடைந்து, அதன் முனையை வளைத்து, உள்ளே சேரும் நீர் வடியத் துளைகளும் இடுவர். தொழிற்சாலைகள் இக்காலத்தில் கைடெக்ஸ் என்னும் விறைத்த நெகிழித் தகட்டைச் சூடாக்கி உறை செய்கின்றன; அது நனையாது, அழுகாது, கத்தி உள்ளே இறங்கியதைச் சொடுக்கொலியால் அறிவிக்கும், ஆனால் உள்ளே ஒரு மணற்பொடி புகுந்தாலும் இழுக்குந்தோறும் அலகில் கீறல் விழும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குரோமிய உப்பினால் பதனிட்ட தோலில் ஈரமும் சேர்ந்தால் எஃகு விரைந்து துருவேறும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே உறைக்கு ஏற்றது என்றாலும், அதிலும் கத்தியை மாதக்கணக்கில் செருகிவைப்பது தவறு.

கத்தியை உருவும்போது உறையின் கூர்வாய்ப் பக்கத்து ஓரத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. தையல் நைந்திருந்தால் அலகு அவ்விரல்களின் வழியே வெளிவரும். திரும்ப இடும்போது கண் உறையின் வாயைப் பார்க்க வேண்டும். அலகின் முதுகை உறை வாயின் ஓரத்தில் சாய்த்து, அதனையே வழிகாட்டியாகக் கொண்டு முனையை உள்ளே இறக்கி, பிறகே பிடியைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். பழகியவர்கள் பேச்சின் நடுவிலும் இதைச் செய்யும்போது ஒரு நொடி பேச்சை நிறுத்துவது இயல்பு. அந்த நொடியில் அவர்கள் கவனம் முழுவதும் ஒரு தோல்வாயின் ஓரத்தில் குவிந்திருக்கிறது. பல சமயங்கள் நாடும் மனவொருமை இத்தகைய சிறு செயலிலும் பயிலப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

உறையின் சிறப்பை இவ்வாறு பேசுவதற்குத் தமிழ் மரபிலேயே வலிய எதிர்ப்பு ஒன்று உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலில் பீலி சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக வைக்கப்பட்டிருக்கும் படைக்கலங்களையும், பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். பழிப்பதுபோலப் புகழ்ந்தும் புகழ்வதுபோலப் பழித்தும் அவர் சொல்லும் பொருள், அழகாக ஓய்ந்திருக்கும் கருவி வேலை செய்யாத கருவி என்பது. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. கண்ணாடிப் பேழையில் வைத்து விலையேறக் காத்திருக்கும் கத்திகள் இன்று ஏராளம். அவற்றின் ஓய்வை ஔவையார் பழித்திருப்பார், அது நியாயமே. ஆனால் ஓய்வு இரண்டு வகை. வேலையே இல்லாத ஓய்வு ஒன்று. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே ஆற்றல் குன்றாமல் நிற்கும் ஓய்வு மற்றொன்று. சரஸ்வதி பூசை நாளில் உளியையும் அரிவாளையும் கழுவிப் பொட்டிட்டு அன்று மட்டும் வேலை வாங்காமல் வைப்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் உழைத்த கருவிக்கே அந்த ஒரு நாள் உண்டு.

சீன ஞானி சுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலின் மூன்றாம் இயலில் வரும் சமையற்காரர் டிங்கின் கதை இவ்விரண்டாம் வகையைத் தெளிவாக்குகிறது. தேர்ந்த சமையற்காரர் ஆண்டுக்கு ஒரு கத்தி மாற்றுவார், சாதாரணமானவர் மாதத்துக்கு ஒன்று மாற்றுவார். டிங்கின் கத்தியோ 19 ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான மாடுகளை அரிந்தும் கல்லில் அப்போதுதான் தீட்டியதுபோல் இருந்தது, ஏனெனில் எலும்பின்மேல் மோதாமல், மூட்டுகளுக்கு இடையே இயற்கையாக உள்ள வெளியில் அது நுழைந்து சென்றது. உரையாசிரியர்கள் அந்த வெளியைப் பற்றி விரிவாகப் பேசுவர். கதையின் முடிவில் டிங் செய்வதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. வேலை முடிந்ததும் அவர் கத்தியோடு எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்து, மனநிறைவோடு அதைத் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அரசர், வாழ்வைப் பேணும் வழியை டிங்கின் சொற்களிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

கத்தி காட்டைவிட்டு மனிதர் கூடும் இடத்துக்கு வரும்போது உறையின் பொருள் இன்னும் விரிகிறது. 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பை நிறுவியதோடு இணைத்து நினைவுகூரப்படும் ஐந்து அடையாளங்களுள் ஒன்று கிர்பான் என்னும் கத்தி. தீக்கை பெற்ற சீக்கியர் அதனை உறையிலிட்டு, தோளின் குறுக்கே செல்லும் காத்ரா என்னும் பட்டையில் அணிவர். இந்திய அரசமைப்பின் 25ஆம் உறுப்புக்கான விளக்கம், கிர்பானை அணிவதும் ஏந்துவதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதன் பகுதியே என்று வெளிப்படையாக ஏற்றுள்ளது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பள்ளி மாணவர் ஒருவர் அதனை அணிந்து வரலாமா என்ற வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம்வரை சென்று 2006இல் முடிவுற்றபோது, முழுத் தடை சமய உரிமைக்கு மாறானது என்று தீர்ப்பாயிற்று. அந்தக் குடும்பம் ஏற்றுக்கொண்டிருந்த கட்டுப்பாடுகளோ, உறை மரத்தால் ஆகவேண்டும், உறையோடு கத்தியைத் தடித்த துணியில் வைத்துத் தைத்துவிட வேண்டும், அது ஆடைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பவை. சமயக் கடமைக்கும் பொது அச்சத்துக்கும் இடையே வழி காண முயன்றவர்கள் கத்தியின் நீளத்தைவிட உறையைப் பற்றியே மிகுதியாகப் பேச வேண்டியிருந்தது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டமும், பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கும்போது, வேலைக்கான பயன், சமயக் காரணம், தேசிய உடையின் பகுதி ஆகியவற்றை ஏற்கத்தக்க காரணங்களாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே ஆண்டு சுவீடனும் பொது இடங்களில் தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருப்பதைத் தடைசெய்தது. காட்டுக்குச் செல்பவர் ஊருக்குள் நடக்கும்போது கத்தியை இடுப்பிலிருந்து கழற்றிப் பையின் அடியில் வைப்பதைச் சட்டத்துக்கு அஞ்சிய செயலாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. எதிரே வருபவரின் மனத்தில் அச்சம் தோன்றாதிருக்கச் செய்வதும் உறையின் வேலையே, பை அங்கே இரண்டாவது உறை ஆகிறது.

ஆனால் காட்டில் வாழ்ந்தவர் ஏந்திய கத்தியைப் பற்றி யாரினும் நுட்பமாக எண்ணியவர்கள் பழைய பௌத்த பிக்குகளே. துறவொழுக்க விதிகளின் தொகுதியாகிய வினயபிடகத்தில், சுள்ளவக்கம் என்னும் பகுதி ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறது: பிக்குகள் சீவரம் எனப்படும் துறவாடைக்கான துணியைக் கையால் கிழித்துத் தைத்தனர், சீவரங்கள் கோணலாயின, அது புத்தரிடம் தெரிவிக்கப்பட்டபோது, அவர் சிறு கத்தியையும் நமதகம் என்பதையும் அனுமதித்தார். நமதகம் என்பது கத்தியைச் சுற்றிவைக்கும் துணித்துண்டு என்று உரை விளக்குகிறது. கத்தியும் உறையும் ஒரே வாக்கியத்தில், ஒரே மூச்சில் அனுமதிக்கப்பட்டன என்பதை வினயத்தைப் படிப்போர் பலர் கவனியாமல் கடந்துவிடுகின்றனர். அதன் பின் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவினர் பொன்னிலும் வெள்ளியிலும் கத்திப்பிடிகள் செய்துகொள்ள, இல்வாழ்வாரைப்போல் இவர்களும் இன்பம் துய்க்கின்றனரே என்று மக்கள் குறைகூறினர். எலும்பு, தந்தம், கொம்பு, மூங்கில், மரம், அரக்கு, சங்கு முதலியவற்றால் ஆன பிடிகளே தகும் என்று வரையறை பிறந்தது. அடுத்து ஊசியின் கதை: ஊசி துருவேறியது, மூங்கில் குழாய் உறையாக அனுமதிக்கப்பட்டது, குழாயிலும் துருவேறியது, பின்னர் மாவும் பொடியும் இட்டுப் பார்த்தனர். ஞானத்தைத் தேடி வீட்டைத் துறந்தவர்கள் ஊசியின் துருவைப் பற்றி இத்துணை அக்கறையோடு கூடிப் பேசியது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். கையிலுள்ள மிகச் சிறிய பொருளையும் பாழாக விடாமை அவர்கள் ஒழுக்கத்தின் கூறு என்பதை மறந்தவருக்கே அது அவ்வாறு தோன்றும்.

பிடிக்கு ஏற்கப்பட்ட எலும்பும் தந்தமும் கொம்பும் ஊசிப்பேழைக்கு மறுக்கப்பட்டதுதான் இன்னும் சிந்தனைக்குரியது. தந்தவேலை செய்யும் ஒருவர் வேண்டிய பிக்குகளுக்கு ஊசிப்பேழை செய்து தருவதாக முன்வந்தார். பிக்குகள் அளவின்றிக் கேட்டுக்கொண்டே போனதால் அவர் தம் தொழிலைச் செய்ய முடியாமல் போய், மனைவி மக்களோடு துன்புற்றார். அதன் விளைவாகவே, அத்தகைய பேழையைச் செய்வித்த பிக்கு அதை உடைத்துவிட வேண்டும் என்ற விதி எழுந்தது. விதியின் காரணம் யானையின் துன்பமோ பொருளின் விலையோ அன்று. ஒரு கைவினைஞரின் அடுப்பு அணைந்ததே காரணம். ஒரு கத்திக்கு எத்தனை உறை வேண்டும், அவற்றைச் செய்யும் கைகளுக்கு என்ன நேர்கிறது என்று இன்று கத்தி சேர்ப்போர் கேட்டுக்கொள்வதற்கு இதைவிடத் தக்க சான்று வேறில்லை.

பிக்கு உடன் கொண்டுசெல்லும் எட்டுப் பொருள்களுள் ஒன்றாக வாசி என்னும் கருவி எண்ணப்படுகிறது. தச்சர்கள் வாச்சி என்று வழங்கும் கருவியின் பெயர் இதனோடு உறவுடையது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரத்தில் உரைகள் எழுதியவரும், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவருமான புத்தகோசர், புத்தரின் பேருரைத் தொகுதியாகிய தீக நிகாயத்தின் உரையில் இக்கருவியின் பயனை இரண்டாகப் பிரிக்கிறார்: பல்குச்சி வெட்டவும் கட்டில் காலும் சீவரக்குடிலின் கோலும் சீராக்கவும் உதவும்போது அது உடலைப் பேணுகிறது, கரும்பு வெட்டவும் தேங்காய் சீவவும் உதவும்போது வயிற்றைப் பேணுகிறது. வடபுலத்துக் காட்டுக் கத்தியின் தொழிற்பட்டியலும் ஏறத்தாழ இதுவே. ஆனால் இக்கருவியை ஏந்துபவர் பச்சை மரத்தையோ செடியையோ தாமாக வெட்டக் கூடாது. ஆளவி நகரில் மரம் வெட்டிய பிக்கு ஒருவரின் கோடரி அம்மரத்தில் வாழ்ந்த தெய்வத்தின் குழந்தையின் கையில் பட்டது என்ற நிகழ்ச்சியோடு அந்த விதி தொடங்குகிறது. காட்டில் வாழ்பவரிடம் வெட்டும் கருவியைக் கொடுத்து, காட்டில் மிகுதியாக உள்ளதை வெட்டாதே என்று சொல்வது முரண்பாடாகத் தோன்றினாலும், அந்த முரண்பாட்டில்தான் கத்திக்கு ஒழுக்கம் பிறக்கிறது. சுவீடனில் அல்லேமன்ஸ்ரெட்டென் என்னும் பொது உரிமை, எவருடைய காட்டிலும் எவரும் நடக்கவும் தங்கவும் இடமளிப்பது. 1994இல் அந்நாட்டு அரசமைப்பிலேயே அதற்கு இடம் கிடைத்தது. அவ்வுரிமையும் உயிருள்ள மரத்தின் கிளையையும் பட்டையையும் உரிமையாளரின் இசைவின்றி எடுக்க விடுவதில்லை. பிர்ச் மரத்தின் வெண்பட்டை தீ மூட்டுவதற்கு எத்துணை நல்லதாயினும், நிற்கும் மரத்திலிருந்து அதை உரிக்கலாகாது, விழுந்ததிலிருந்தே எடுக்க வேண்டும். தெய்வத்தின் குழந்தையை முன்னிறுத்திய விதியும் நிலவுரிமையை முன்னிறுத்திய விதியும் பச்சை மரத்தின் முன்னே கத்தியை உறைக்குள் இருத்துவதில் ஒன்றுபடுகின்றன.

மற்றொரு பேருரைத் தொகுதியாகிய சம்யுத்த நிகாயத்தில் இதே வாசியைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. தச்சர் தம் வாச்சியின் பிடியில் விரல்களின் தடமும் பெருவிரலின் தடமும் பதிந்திருப்பதைக் காண்கிறார். இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவரால் சொல்ல முடியாது, ஆனால் தேய்ந்தது என்பது தேய்ந்தபின் அவருக்குத் தெரியும். மனத்தின் மாசுகள் பயிற்சியால் தேய்வதும் அப்படியே என்று உவமை பொருள்கொள்கிறது. பல்லாண்டு கையாண்ட பூக்கோவின் பிடியில் அந்தத் தேய்வைக் காணலாம்: பிர்ச் மரப்பட்டை அடுக்கிச் செய்த பிடி, பெருவிரல் படுமிடத்தில் மட்டும் சற்றே குழிந்து, எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்திருக்கும். உறையின் வாயும் அதற்கு இணையாகத் தளர்ந்திருக்கும். முதலாண்டில் இரண்டு கைகளால் இழுக்க வேண்டியிருந்த கத்தி இப்போது ஒரு கைக்கே இசையும், ஆயினும் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழாமல் நிற்கும். அப்படியும் நழுவத் தொடங்கினால் தோலை மீண்டும் நனைத்துக் கத்தியின்மேல் அழுத்தி உருப்படுத்தலாம்.

மழையில் நனைந்து முகாமுக்குத் திரும்பிய மாலையில் கத்தியும் உறையும் பிரித்தே உலர்த்தப்பட வேண்டும். அலகைத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, எவர் கையும் காலும் படாத உயரத்தில், கூர்வாய் மரத்தின் பக்கம் திரும்பியிருக்குமாறு வைப்பர்; உறையை நெருப்பிலிருந்து எட்டத் தொங்கவிடுவர், ஏனெனில் வெப்பத்தில் விரைந்து உலரும் தோல் சுருங்கி விறைத்து, காலையில் தன் கத்தியையே உள்ளே விடாது.